மூன்று இருபதும் ஒன்றரைச் சதுரமும்: கேரள எல்லைத் தமிழரின் வீட்டு மின்கம்பி வரலாறு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்திலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் வீட்டு வயரிங் வேலையில் மூத்த தலைமுறையினர் கடையில் கேட்பது “மூணு இருபது”. கடைக்காரர் எடுத்துத் தரும் சுருளின் மேல் அச்சிடப்பட்டிருப்பதோ 1.5 சதுர மில்லிமீட்டர். கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் முன்னதில் இருந்த செம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பின்னதில் இல்லை. ஒரு பழைய பெயர் புதிய பொருளின் மீது ஒட்டிக்கொண்டு நிற்பது மொழியில் இயல்பான நிகழ்ச்சி. காலணா மறைந்த பின்னும் ‘நாலணா’, ‘எட்டணா’ என்ற சொற்கள் நெடுங்காலம் வாழ்ந்தன. அதனால் எவருக்கும் இழப்பில்லை. சுவருக்குள் புதையும் கம்பியின் பெயர் அவ்வாறு வாழ்வது வேறு வகையான செய்தி.

மூணு இருபது என்பதன் பொருளை முதலில் காண வேண்டும். சாய்கோட்டுக்கு மேலுள்ள மூன்று, முறுக்கப்பட்ட இழைகளின் எண்ணிக்கை. முப்புரி என்ற சொல்லை அறிந்த மொழிக்கு இது புதிதன்று. கீழுள்ள இருபது, ஒவ்வோர் இழையின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண். இங்கிலாந்தில் கம்பி இழுப்போர் ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை வெவ்வேறு எண் வரிசைகளைக் கையாண்டு குழம்பியபின், 1884 மார்ச் 1 முதல் ஒரே சட்டபூர்வ அளவுமுறை அங்கு நடைமுறைக்கு வந்தது. அதுவே இந்தியாவிலும் எஸ்.டபிள்யூ.ஜி. என வழங்கிய கேஜ். அதன்படி 20ஆம் எண் கம்பியின் விட்டம் 0.036 அங்குலம், 18ஆம் எண் 0.048, 22ஆம் எண் 0.028. எண் ஏற ஏறக் கம்பி மெலியும். தடித்த கம்பியைச் சிறிய துளையிலும், பின்னர் அதனினும் சிறிய துளையிலும் இழுத்து இழுத்து மெலியச் செய்த பட்டறைத் தொழிலின் தடம் அந்த எண்ணில் உள்ளது. எத்தனையாவது துளை என்பதே எத்தனையாவது எண் என்றாயிற்று. எனவே இருபது என்பது ஓர் அளவன்று, ஒரு வரிசையிடம். அதனைக் கொண்டு பெருக்கவோ வகுக்கவோ இயலாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தலைகீழ் எண்ணிக்கை கோவை, பொள்ளாச்சி, சித்தூர் வட்டாரத்து மக்களுக்கு விளங்காத ஒன்றாக இருந்திராது. நூலின் ‘நம்பரும்’ அவ்வாறே நடக்கிறது. ஒரு ராத்தல் எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதே பருத்தி நூலின் எண். நாற்பதாம் நம்பர் நூலைவிட நூறாம் நம்பர் நூல் மெல்லியது. பஞ்சாலையும் கைத்தறியும் நிறைந்த நிலத்தில், எண் பெரிதானால் இழை சிறிது என்பது உடனே பிடிபடக்கூடிய கருத்து.

சொல்லின் பக்கமும் ஒரு கணம் நிற்கத் தகும். மின்சாரத்துக்கு முன்பே கம்பி இந்த எல்லைக்கு வந்துவிட்டது, தந்தி வடிவில். தமிழ் அதற்கு யாழ், வீணை ஆகியவற்றின் நரம்பைக் குறித்த ‘தந்தி’ என்ற சொல்லைத் தேர்ந்தது. மலையாளமோ உலோகத்தையே பெயராக்கி ‘கம்பி’ என்றது. மார்க்கோனியின் கண்டுபிடிப்பு வந்தபோது தமிழில் அது கம்பியில்லாத் தந்தி. மலையாளத்தில் ‘கம்பியில்லாக் கம்பி’. முரண்தொடை போல ஒலிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டு எல்லைத் தமிழர் எவரேனும் புன்னகைத்திருந்தால் வியப்பில்லை. மின்சாரம் வந்தபோது இரு மொழிகளும் போட்டியைக் கைவிட்டு ‘வயர்’, ‘கரண்ட்’, ‘வயர்மேன்’, ‘லைன்மேன்’ என்று ஒன்றாயின. கலைச்சொல் அகராதிகளில் மின்கடத்தி, குறுக்குவெட்டுப் பரப்பு முதலியன இருக்கின்றன. கடை மேசையில் அவை இல்லை.

இன்று ஒரே மாநிலமாகத் தோன்றும் இந்த எல்லைப் பகுதி, வீட்டு மின்சாரம் பரவத் தொடங்கிய காலத்தில் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதை ஒட்டிய சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவையின் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. வயரிங் தொழிலின் சொல்லும் பழக்கமும் பாலக்காட்டுச் சமவெளிக்குக் கிழக்கிலிருந்து, கணவாய் வழியே, வந்தமைக்கு இதுவே பின்னணி. மலைப்பகுதியின் கதை வேறு. மூணாற்றில் கண்ணன் தேவன் கம்பெனி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் தேயிலை ஆலைகளுக்காக ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்துக்கொண்டது. திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் நிலையம், சி. பி. இராமசுவாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940 மார்ச்சில் மின்சாரம் தரத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்று நீர் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலிருந்து குழாய்களில் இறங்கியது.

அந்த மின்சாரம் சென்ற திசை கவனிக்கத்தக்கது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருக்க, கம்பிகள் அவற்றின் மேலாகக் கடந்து சமவெளிக்கு இறங்கின. 1943இல் ஆலுவாவுக்கு அருகே இந்தியன் அலுமினியம் கம்பெனி நாட்டின் முதல் அலுமினிய உருக்காலையைத் தொடங்கியதற்குக் காரணமே பள்ளிவாசலின் மலிவான மின்சாரம். அலுமினியத்தை அதன் ஆக்சைடிலிருந்து பிரிக்க மின்சாரம் பெருமளவில் வேண்டும். அந்த உலோகத்தைக் கட்டியான மின்சாரம் என்றே சொல்லலாம். மலையிலிருந்து இறங்கிய மின்சாரத்தின் தொழிற்பயனான இந்த உலோகம், ஒரு தலைமுறை கழித்து, வீட்டுக் கம்பியாக மலையேறப் போகிறது.

1956 என்ற ஆண்டில் மூன்று நிகழ்வுகள் ஒன்றுகூடின. நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும், மார்ஷல் நேசமணி தலைமையிலான போராட்டத்துக்குப் பின்னும், கேரளத்திலேயே நின்றன. அதே ஆண்டில் இந்திய மின்சார விதிகள் இயற்றப்பட்டன. டிசம்பரில் எடை, அளவுகள் சட்டம் நிறைவேறி, அங்குலத்துக்கும் ராத்தலுக்கும் விடைகொடுக்கும் மெட்ரிக் முறைக்கு வழி திறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இம்மூன்றும் ஒரு வயர்மேனின் வாழ்வில் சந்தித்தன. மின்சார விதிகளின் 45ஆம் விதி, மாநில அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட தகுதிச் சான்றும் உரிமமும் உள்ளவர்களே வயரிங் செய்யலாம் என்றது. கோவைப் பட்டறையில் தொழில் கற்ற ஒருவரது அறிவு வாளையாற்றைத் தடையின்றிக் கடக்கும். அவரது உரிமத்தாள் அவ்வாறு கடக்காது. போடியிலிருந்து பூப்பாறைக்கு ஏறுபவருக்கும் இதே நிலை. அறிவு வாய்மொழியாகவும், சட்டம் ஆங்கிலத் தாளாகவும், விண்ணப்பம் மலையாளமாகவும் அமைந்த இடத்தில், கம்பியின் அளவு வாய்மொழியின் பங்காக விழுந்தது. ‘மூணு இருபது’ இத்தனை காலம் நிலைத்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம் எனக் கருதலாம்.

மெட்ரிக் முறை கம்பியை வரிசையிடத்தால் அல்லாமல் பரப்பால் அளந்தது: 1, 1.5, 2.5, 4, 6, 10 சதுர மில்லிமீட்டர். தான்தோன்றியாகத் தெரியும் இவ்வெண்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு. 1870களில் பிரெஞ்சுப் படைப்பொறியாளர் சார்ல் ரெனார், பலூன்களைக் கட்டும் வடங்களின் 425 அளவுகளை 17ஆகக் குறைக்கக் கையாண்ட பெருக்குத்தொடர் முறையின் வழிவந்த ஒழுங்கு இது. பலூன் வடத்தில் பிறந்த கணக்கு வீட்டுச் சுவருக்குள் வந்து சேர்ந்தது விந்தையே.

பழைய பெயர்களைப் புதிய வரிசையில் பொருத்தியபோது நேர்ந்ததைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3/20இன் செம்புப் பரப்பு 1.97 சதுர மில்லிமீட்டர். இது 1.5க்கும் 2.5க்கும் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறது. சந்தை இதற்கு ஈடாகக் கொண்டது 1.5. 1/18இன் பரப்பு 1.17, ஈடு 1. 7/22இன் பரப்பு 2.78; ஈடு 2.5. 7/20இன் பரப்பு 4.6, ஈடு 4. நான்கிலும் முழுமையாக்கல் கீழ்நோக்கியே சென்றிருக்கிறது; நான்கிலும் பழைய பெயரைச் சொல்லி வாங்குபவர் முன்பைவிடக் குறைந்த உலோகத்தையே பெறுகிறார். 24 சதவீதம் குறையும் மூணு இருபதுதான் இவற்றுள் மிகுதியாக இழந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெயரின் நிலைபேறு மாற்றத்தை மறைத்தது, அவ்வளவே.

பெயரின் இலக்கணமும் மாறிற்று. சாய்கோட்டு வடிவம் அப்படியே நிற்க, கீழ் எண்ணின் பொருள் புரண்டது. அலுமினியக் கம்பிகள் 1/1.40, 1/1.80, 1/2.24 என்றும், நெகிழ்வான செம்புக் கம்பிகள் 22/0.3, 36/0.3, 56/0.3 என்றும் குறிக்கப்பட்டன. இங்குக் கீழ் எண் கேஜ் அன்று, மில்லிமீட்டர் விட்டம். எண் பெரிதானால் கம்பி தடிக்கும். 1/18 என்பது 1.17 சதுர மில்லிமீட்டர், 1/1.8 என்பது 2.5. இடையிலுள்ள வேறுபாடு ஒரு புள்ளி. பற்றுச்சீட்டில் அந்தப் புள்ளி மங்கிவிட்டால் பாதிக்கும் குறைவான கம்பி வீட்டுக்கு வந்துவிடும். இன்றைய கடைமொழி இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது: ‘மில்லிமீட்டர்’ முழுவதும் உதிர்ந்து ‘ஒன்றரை ஸ்கொயர்’, ‘ரெண்டரை ஸ்கொயர்’ என அடைமொழி மட்டும் பெயர்ச்சொல்லாகி நிற்கிறது. சுருக்கமும் தெளிவும் ஒருங்கே அமைந்த நல்ல சொல்லாட்சி இது. மொழித்தூய்மை நோக்கில் இதைக் குறைகூறுவது வீண்.

அலுமினியம் மலையேறியது 1960களில். செம்பில் இந்தியா தன்னிறைவு பெற்ற நாடன்று. அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய அந்தப் பத்தாண்டில், செம்பின் பயன்பாட்டை அரசு கட்டுப்படுத்தி, உள்நாட்டில் விளையும் அலுமினியத்தை வீட்டுக் கம்பிக்கும் ஊக்குவித்தது. அந்நாளைய நிலையில் அது தவிர்க்கவியலாத கொள்கை. ஆயினும் அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 சதவீதமே. செம்பு செய்யும் வேலையைச் செய்ய அதற்கு 1.6 மடங்கு பரப்பு வேண்டும். மேற்சொன்ன வரிசையில் ஒரு படியும் அதே 1.6 மடங்கு என்பதால் விதி எளிதாகிறது: செம்பில் 1.5 என்றால் அலுமினியத்தில் 2.5, செம்பில் 2.5 என்றால் அலுமினியத்தில் 4. ‘ஒரு படி மேலே’ என்ற மூன்று சொற்கள் போதும். ஆனால் விலை பார்த்து வாங்கும் வீட்டில் அந்தப் படி ஏறப்படுவதில்லை. ஒன்றரைக்கு ஒன்றரை என்றே மாற்றம் நடந்தது. மூணு இருபது செம்பிலிருந்து ஒன்றரை அலுமினியத்துக்கு இறங்கியவர், பெயரளவில் ஒன்றும் மாறாதிருக்க, கடத்தும் ஆற்றலில் பாதிக்கும் மேல் இழந்தார்.

இணைப்பு முனைகளில் வேறொரு தொல்லை. அலுமினியத்தின் மேல் உடனே படியும் ஆக்சைடுப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும். திருகின் அழுத்தத்தில் அந்த மென்மையான உலோகம் மெல்ல நகர்ந்து பிடி தளரும். பித்தளை முனையோடு ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கும். ஆண்டில் பாதி மாதங்கள் மழையும் மூடுபனியும் சூழும் மூணாற்றுச் சரிவுகளில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. செல்வந்த நாடுகளும் இதிலிருந்து தப்பவில்லை. 1972க்கு முன் செய்யப்பட்ட அலுமினியக் கம்பி பொருத்திய அமெரிக்க வீடுகளில், இணைப்புகள் தீப்பற்றும் நிலையை எட்டும் வாய்ப்பு செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு மிகுதி என அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு வீடு தருவதை நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆனால் வீடு என்பதன் அளவு ஓர் அறை, ஒரு சமையலிடம் என்ற பழைய லயத்தின் அளவே. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தோர் வாழும் அந்த வரிசை வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது, அது ஒரு குண்டு பல்புக்காகவே வந்தது. அந்தப் பல்புக்கு எந்தக் கம்பியும் போதும். 230 வோல்ட்டில் 40 வாட் பல்பு இழுப்பது 0.17 ஆம்பியர் மட்டுமே. அதே கம்பியின் முனையில் பின்னாளில் தொலைக்காட்சி வந்தது, மிக்சி வந்தது, இஸ்திரிப் பெட்டி வந்தது, இறுதியாக 2000 வாட் மின்னடுப்பு வந்தது. அது இழுப்பது 8.7 ஆம்பியர். மின்னோட்டம் 50 மடங்கு. கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. எனவே அது 2500 மடங்கு. வீட்டுக் கம்பியின் வரலாற்றில் கேஜையும் மெட்ரிக்கையும்விட மிகுதியாகப் பேச வேண்டிய எண் இதுவே. கம்பி மாறவில்லை, அதன் முனையில் வாழும் வாழ்க்கை மாறிவிட்டது.

மீட்டரிலிருந்து சமையலிடம் வரை 30 மீட்டர் ஒன்றரை அலுமினியக் கம்பி ஓடுவதாகக் கொண்டால், போக்கும் வரத்துமாக 60 மீட்டர். அதன் மின்தடை 1.1 ஓம் அளவில் இருக்கும். மின்னடுப்பு எரியும்போது வழியிலேயே ஒன்பது வோல்ட்டுக்கு மேல் மறையும். ஏறத்தாழ 80 வாட் வெப்பம் மரச்சட்டத்தின் மேலும் தகரக் கூரையின் கீழும் சிந்தும். அதாவது, பழைய லயத்தின் இரண்டு பல்புகள் சுவருக்குள்ளேயே எரிகின்றன. 2017 மே 29இல் கேரளம் அனைத்து வீடுகளும் மின்வசதி பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் ‘மின்வசதி பெற்ற வீடு’ என்ற தொடர், ஒரு பல்பு வீட்டையும் ஒரு மின்னடுப்பு வீட்டையும் வேறுபடுத்துவதில்லை.

பாலக்காடும் இடுக்கியும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசப்படுவதற்கு மொழி மட்டும் காரணமன்று. கம்பியின் தாங்குதிறன் அது கிடக்கும் இடத்தின் வெப்பத்தைப் பொறுத்தது. பன்னாட்டு அட்டவணைகள் 30 டிகிரியை அடிப்படையாகக் கொள்கின்றன. குழாய்க்குள் செல்லும் பி.வி.சி. உறையிட்ட செம்புக் கம்பி அந்த நிலையில் 1.5 அளவுக்கு 17.5 ஆம்பியரும், 2.5 அளவுக்கு 24 ஆம்பியரும் தாங்கும். சூழல் 10 டிகிரியானால் 1.22ஆலும், 50 டிகிரியானால் 0.71ஆலும் பெருக்க வேண்டும். மார்கழி இரவில் மூணாற்று வீட்டின் ஒன்றரைக் கம்பி 21 ஆம்பியர் தாங்கும். சித்திரை வெயிலில், வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும் நாளில், கொழிஞ்சாம்பாறை வீட்டு ஓட்டுக்கூரையின் அடியில் கிடக்கும் இரண்டரைக் கம்பி 17 ஆம்பியர்தான் தாங்கும். மெல்லிய கம்பி மிகுதியாகவும் தடித்த கம்பி குறைவாகவும் சுமக்கிறது! ‘லைட்டுக்கு ஒன்றரை, பவருக்கு இரண்டரை’ என்ற வாய்பாடு இரண்டு மாவட்டத்திலும் ஒரே குரலில் சொல்லப்படுவது. மலையில் அது காக்கும். கணவாயில், கூரையின் கீழ், 16 ஆம்பியர் பிளக்குக்கு அது நூலிழையில் நிற்கும். அங்கே 4 போடுவது ஆடம்பரமன்று.

கம்பிக்குக் காவலாக நின்றது பீங்கான் ப்யூஸ் கட்டை. அதில் கட்ட வேண்டிய இழைக்கும் கேஜ் எண் உண்டு: 5 ஆம்பியருக்கு ஈயம் பூசிய செம்பில் 35ஆம் எண், அதாவது 0.2 மில்லிமீட்டர். அது அடிக்கடி எரிகிறது என்று வயரிலிருந்தே ஓர் இழையை உருவிக் கட்டுவது இரு மாநிலத்தும் பரவியிருந்த பழக்கம். 20ஆம் எண் இழை ஒன்று ப்யூஸ் கட்டையில் ஏறினால், இனி எரிய வேண்டியது அதுவன்று, சுவருக்குள் இருக்கும் கம்பி. கட்டையின் இடத்தில் எம்.சி.பி. வந்தபின் இந்தப் பழக்கம் மறைந்து, அதன் நவீன வடிவம் தோன்றியது: அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றி 32 ஆம்பியர் பொருத்துதல். காவலன் கம்பிக்குத்தான் காவலன், அடுப்புக்கு அன்று என்பது இரு தலைமுறைக்கும் சொல்லப்படாமல் போயிற்று.

பழைய வீட்டைத் திருத்த வருபவருக்குப் பழைய பெயர் இன்றும் ஒரு வகையில் உதவும். மெயினை நிறுத்தியபின் கம்பியின் நுனியைச் சீவினால் மூன்று இழைகள் தெரிந்தால் அது கேஜ் காலத்துக் கம்பி. இழை ஒன்றின் விட்டம் 0.9 மில்லிமீட்டர் என்றால் மூணு இருபது, 0.7 என்றால் மூணு இருபத்திரண்டு. ஒற்றையாய், வெள்ளையாய், மென்மையாய் 1.4 மில்லிமீட்டர் பருமனில் ஒரு கம்பி தெரிந்தால் அது அறுபதுகளின் கொள்கை விட்டுச்சென்ற அலுமினியம். அதன் முனையில் மின்னடுப்பு இருத்தலாகாது. இருபதுக்கு மேற்பட்ட மெல்லிழைகள் பிரிந்தால் அது ஸ்கொயர் காலத்தது. இழையை எண்ணி, விட்டத்தை அளந்து, பரப்பைக் கணக்கிட்ட பிறகே எம்.சி.பி.யின் ஆம்பியரை முடிவுசெய்ய வேண்டும்.